முதலில் குறையைச் சொல்லும் ரீச்சர்

அவரைப் பற்றி எழுதுவதென்றால் குறைகளில் இருந்துதான் தொடங்க வேண்டும். வேறு விதமாகத் தொடங்கினால் அவருக்கே பிடிக்காது.

குரல் பெரிது. புத்தூர்ச் சந்தியில் நின்று "தம்பி!" என்று கூப்பிட்டால் சந்தியில் நிற்கிற தம்பிமார் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சைக்கிளை ஒரு நாளும் ஒழுங்காக நிறுத்தமாட்டார். சுவரில் சாத்துவார், அது சரிந்து விழும், விழுந்த பிறகு "விழும் எண்டு தெரியும்" என்பார். குடையை மறந்துவிட்டுப் போவார், திரும்பி வந்து "ஞாபகப்படுத்தக் கூடாதோ?" என்று எங்களை ஏசுவார். இதெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை என்னவென்றால், எவருடைய குறையையும், எதனுடைய குறையையும், தன்னுடைய குறை உட்பட, முகத்துக்கு நேரே முதலாவதாகச் சொல்லிவிடுவார். நல்லது சொல்லமாட்டாரா என்றால், சொல்லுவார். ஆனால் அது எப்போதும் வரிசையில் இரண்டாவதாகத்தான் வரும்.

பெயரை எழுதவில்லை. ஊரில் கணக்கு ரீச்சர் இருந்தார், சங்கீத ரீச்சர் இருந்தார். முன்னால் ஒன்றும் போடாமல் வெறும் ரீச்சர் என்றால் அது முன்பள்ளி ரீச்சர்தான். அது போதும்.

இப்போது என் கடை கிளிநொச்சியில். அப்போது புத்தூர்ச் சந்தியில் இருந்தது. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புதல் என்று எல்லாம் செய்வேன். நான் படித்தது பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரைக்கும். கணினியை நானாகத் தட்டிப் பழகினேன். மிச்சத்தைக் கடைக்கு வந்த சனத்தின் வாயில் இருந்து பழகினேன்.

ரீச்சர் முதல் முதலாக வந்தது, பிள்ளைகள் நிறம் தீட்டுவதற்கு ஒரு யானைப் படத்தைக் கொப்பி எடுக்க. கொப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, உம்மடை மெசின் கோடு விழுத்துது."

கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது உண்மை. யானையின் முதுகில் ஒரு கறுப்புக் கோடு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ஆனால் நேராய் விழுத்துது," என்றார். "அங்காலைக் கடையிலை கோணலாய் விழும். இது பிள்ளையளுக்கு யானை கட்டுற சங்கிலி மாதிரி இருக்கும். அடியும் இன்னும்."

அன்றில் இருந்து அவர் என் வாடிக்கைக்காரர். நான் அந்தக் கண்ணாடியை மாற்றவே இல்லை.

ஆடு விற்ற கதையை ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். எனக்குச் சொன்னவர் ரீச்சரின் கணவர். தோட்டக்காரர், வெங்காயமும் புகையிலையும் வைப்பார். அவரை நான் அண்ணை என்பேன். மனைவியைப் பற்றிக் குறை சொல்வதற்கென்றே கடைக்கு வந்து கதிரையில் இருக்கிறவர். ஆனால் ரீச்சரைப் பற்றி வேறு யாராவது வாய் திறந்தால் எழும்பிப் போய்விடுவார்.

"கொழும்புத்துறையிலை இருந்து ஒரு மனிசன் வந்தவன், தம்பி. ஆடு பிடிச்சுப் போச்சு. கையிலை காசு எடுக்கப் போறான். இவ குசினிக்குள்ளை இருந்து ஓடி வாறா. 'பொறுங்கோ. இது கயிறு அறுக்கும். வேலி பாயும். செவ்வரத்தைச் செடி கண்டால் விடாது. உங்கடை வேலி எப்பிடி?' எண்டு கேக்கிறா. நான் தலையிலை கை வைச்சிட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, அவன் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வருசம் திரும்பி வந்து குட்டி ஒண்டும் கேட்டான். 'நீங்கள் சொன்னதைத் தவிர வேறை ஒரு குழப்படியும் இல்லை, ரீச்சர்' எண்டான். இவ என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வைக்கு நான் ஆட்டைச் சும்மா குடுத்திருக்கலாம்."

ரீச்சரைப் பெண் பார்க்கப் போன அன்றும் இதே கதைதானாம். தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்று, "எனக்குச் சமையல் வராது, கோவம் வரும்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிவித்திருக்கிறார். "ஆட்டை வித்த மாதிரித்தான் தன்னையும் வித்தவ," என்பார் அண்ணை. "நான்தான் வேலி எப்பிடி எண்டு பார்க்காமல் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

முன்பள்ளியிலும் அப்படித்தான். வருட முடிவில் தாய்மாரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் 'கெட்டிக்காரன், சுறுசுறுப்பானவன்' என்று ஒரே சொல்லை எல்லாப் பிள்ளைக்கும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ரீச்சர் ஒரு தாயிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். என் கடையில் வைத்துத்தான் சொன்னார், அந்தக் குரலில்.

"உங்கடை மகன் கடிப்பான்."

தாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆனால் கடிச்ச இடத்தை ஊதி விடுவான். மற்றப் பிள்ளையள் ஊதுறதில்லை. ஊதுறதை வளர்த்தால் கடிக்கிறது தானாய் நிண்டிடும்."

அந்தக் கடிப்பான் வளர்ந்து நெடுவல் பெடியனாகி, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று என் கடைக்கு வந்தான். இணையத்தில் பார்த்து அச்சடித்துக் கொடுத்தேன். பார்த்தான். மடித்தான். அந்த நேரம் பார்த்து ரீச்சரின் சைக்கிள் வெளியில் விழுகிற சத்தம். அவன் நேரே போனான். "ரீச்சர், நான் பெயில்" என்றான். வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. ரீச்சர் கடதாசியை வாங்கிப் பார்த்து, "ஓம், பெயில்தான்" என்றார். பிறகு சைக்கிளை அவனைக்கொண்டு நிமிர்த்துவித்து, அதை உருட்டச் சொல்லி, கதைத்துக்கொண்டே இரண்டு பேரும் அவன் வீட்டுப் பக்கம் நடந்து போனார்கள். என்ன கதைத்தார்களோ தெரியாது. அந்தக் குரலில் ஒரு சொல்லும் எனக்குக் கேட்காமல் போனது அன்றைக்கு மட்டும்தான்.

இனி விண்ணப்பக் கதைக்கு வருகிறேன்.

முன்பள்ளியை நடத்துவது ஊர்ச் சனசமூக நிலையம். ஒரு நாள் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தார்கள். இனிமேல் முன்பள்ளிக்குப் பொறுப்பாக இருக்கிறவர் அந்தத் துறையில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருகிற தையில் வெளியில் இருந்து ஒருவரை எடுத்துப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, ரீச்சரை உதவியாளராக வைத்துக்கொள்வது. சொன்னது மரியாதையாகத்தான் சொன்னார்கள். ரீச்சரும் "நல்ல தீர்மானம், எனக்குத்தான் பாதகம்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டு வந்தார். கடைக்கு வந்த பிறகுதான் குரல் இறங்கியது.

"உதவியாளர் எண்டால் மூக்குத் துடைச்சு விடலாம், தம்பி. கதை சொல்ல ஏலாது. கதை சொல்லுறது பொறுப்பானவ."

வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறில் படிக்கிற மாதிரி, முன்பள்ளிக் கல்விக்கு ஒரு பல்கலைக்கழகப் படிப்பு இருந்தது. இடம் கொஞ்சம், விண்ணப்பம் கூட. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். பெயர், விலாசம், சான்றிதழ் எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி வந்தது. 'உங்களைப் பற்றியும், இந்தப் படிப்பை ஏன் தெரிவு செய்தீர்கள் என்பது பற்றியும் எழுதுக.' இதைத்தான் பேர்சனல் ஸ்ரேற்மன்ற் என்கிறார்கள். அதை வாசித்துத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்களாம்.

அண்ணைக்கு அதைக் கேட்டதும் வியர்த்துவிட்டது. "இஞ்சை பாரும். உதிலை மட்டும் உம்மடை குறை வாசிப்பைத் தொடங்காதையும். கும்பிட்டுக் கேக்கிறன்."

"அப்ப ஆர் எழுதுறது?"

அண்ணை என்னைக் காட்டினார். "தம்பி எழுதட்டும். புகழ்ந்து எழுதுறதுக்கு இந்தப் பக்கத்திலை அவனை விட்டால் ஆள் இல்லை."

அது உண்மைதான். ஆனால் நான் எழுதிப் பழகியது கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், கீரிமலையில் அந்தியேட்டி முடித்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறிய புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் ஊர்ப் பெருமை, பிறப்பு, குணம், புகழ் எல்லாம் அதில் வசனமும் பாட்டுமாக இருக்கும். அதுதான் கல்வெட்டு. கல்வெட்டில் வந்த எவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஊரில் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவரையும் நான் 'கொடைவள்ளல்' என்று போட்டிருக்கிறேன். குடும்பத்தார் கேட்பார்கள், என்ன செய்வது. ஒருவரைப் புகழ்வதென்றால் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மூன்று நாள் இருந்து எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ரீச்சர் வந்து நின்றபடியே வாங்கி, கடை முழுக்கக் கேட்க வாசிக்கத் தொடங்கினார்.

"'செந்நெல்லும் செங்கரும்பும் சிரித்து விளையாடும் புத்தூர் என்னும் பழம்பதியிலே, உத்தம தம்பதியரின் தவப்பயனாய் அவதரித்து, கல்வியில் கலைமகளாய், பொறுமையில் பூமாதேவியாய்...' தம்பி, புத்தூரிலை எங்கை கரும்பு?"

"அது ஒரு அழகுக்கு, ரீச்சர்."

"'...இன்முகமும் மென்மொழியும் கொண்டு...'" இந்த இடத்தில் அவரே நிறுத்திக் கதிரையில் இருந்த கணவரைப் பார்த்தார். அண்ணை கூரையைப் பார்த்தார். "'...மழலைச் செல்வங்களுக்கு மறு தாயாய் வாழ்ந்த...' வாழ்ந்த?"

அப்போது அடையாள அட்டையை லமினேற் பண்ணக் காத்திருந்த ஒரு வயதான ஐயா, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிக் கவலையோடு கேட்டார். "நல்ல மனிசி போல கிடக்கு. ஆர் பிள்ளை, மோசம் போனது?"

ரீச்சர் சிரித்த சிரிப்பில் வெளியில் சாத்தியிருந்த சைக்கிள் விழுந்தது. விழுகிற நேரம்தான் அது. ஆனாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன்.

"நான்தான் ஐயா, மோசம் போனது. அந்தியேட்டி எண்டைக்கு எண்டுதான் தம்பி போடேல்லை."

"எறிஞ்சு போடாதையும்," என்றார் அண்ணை. "பத்திரமாய் வைச்சிரும். பிறகு தேவைப்படும்."

கடதாசியை ரீச்சர் நாலாக மடித்தார். "தம்பி, குறை சொல்லுறன். இதிலை இருக்கிற மனிசியை எனக்குத் தெரியாது. அவங்களும் இதை வாசிச்சால், 'எல்லாம் தெரிஞ்சவ ஏன் இஞ்சை வாறா?' எண்டுதான் கேப்பினம்." பிறகு வழக்கம்போல இரண்டாவது வந்தது. "ஆனால் 'பூமாதேவி' நல்லாயிருக்கு. என்ரை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறன்."

அடுத்த நாள் தானே எழுதிக்கொண்டு வந்தார். கொப்பித் தாளில், நிறம் தீட்டுகிற பென்சிலால். பேனையை எங்கேயோ மறந்துவிட்டாராம். நான் அதை அப்படியே தட்டச்சுச் செய்தேன். இன்றும் எனக்குப் பெரும்பாலும் பாடம்.

'எனக்குக் கணக்கு வராது. சாதாரண தரத்தில் இரண்டு தரம் தவறி, பிறகு மட்டுமட்டாகத் தேறினேன். என் குரல் பெரிது. புதிதாக வரும் பிள்ளைகள் முதல் கிழமை பயந்து அழுவார்கள். இவற்றை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரு பிள்ளை என்னிடம் ஒரு வருடம் முழுவதும் வந்து, ஒரு சொல்லும் பேசாமல் போனான். நான் கெஞ்சினேன். இனிப்புக் காட்டினேன். ஒரு நாள் சத்தமும் போட்டேன். காது கேட்காதோ, வாய் பேசாதோ என்று நினைத்து, தாயிடம் சொல்ல வீட்டுக்குப் போனேன். பின்வளவில் கோழிக்கூட்டுக்கு முன்னால் இருந்து அவன் கோழிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். நான் சொன்ன கதைகள் எல்லாம் அவனிடம் இருந்தன. கவனிக்காத ஒரு கோழியை என் குரலில் அதட்டினான். கோழிகளுக்குச் சொன்னதை அவன் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனைப் போல இன்னொரு பிள்ளை வருவான். அதற்கு முதல் அதைப் படிக்க வேண்டும்.'

இவ்வளவுதான். பெட்டியில் இன்னும் நிறைய இடம் மிச்சம் இருந்தது.

அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "உது விண்ணப்பமோ, குற்றப்பத்திரமோ?"

"உண்மை."

"உண்மையை நேர்முகத்திலை சொல்லலாமே. முதல் வசனத்தை மட்டும் எடுத்துவிடும். தம்பி, அந்தக் கணக்கு வசனத்தை அழி."

நானும் அண்ணையின் பக்கம்தான் நின்றேன். அந்த நேரம் சனசமூக நிலையத் தலைவரும் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி. வாசித்துவிட்டு, நிலையத்தின் நற்பணிகளைப் பற்றி இரண்டு வசனம் சேர்த்தால் கனதியாக இருக்கும் என்றார்.

"சேர்ப்பம்," என்றார் ரீச்சர். "கூரை ஒழுகுறதையும் சேர்க்கட்டோ, தலைவர்? குறையைத்தான் நான் முதல் எழுதுவன்."

தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இப்படியே இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அனுப்புகிற பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை. ரீச்சர் எட்டித் தானே அழுத்தினார். "பூச்சி இருக்கு எண்டு சொல்லி வித்த கத்தரிக்காய் திரும்பி வராது, தம்பி," என்றார். அப்படிச் சொன்னாரே தவிர, அன்றைக்குக் குடையை மட்டுமல்ல, சைக்கிளையும் மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனார். அதில் இருந்துதான் அவருக்கும் பயம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாண நகரில். அண்ணை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். பின்னேரம் இரண்டு பேரும் நேரே என் கடைக்கு வந்தார்கள். ரீச்சரின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணையின் முகம் திருவிழாவில் தொலைந்து திரும்பக் கிடைத்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"என்ன நடந்தது?"

"எல்லாம் பிழையாய்ப் போச்சு," என்றார் ரீச்சர். "மூண்டு பேர் இருந்தவை. அதிலை ஒரு அம்மா கேட்டா, 'குறையள் எல்லாம் எழுதியிருக்கிறியள், சந்தோசம். உங்கடை பலம் எண்டு ஒண்டு சொல்லுங்கோ' எண்டு. தம்பி, எனக்கு வாய் வரேல்லை. சைக்கிள் செயின் கழண்டால் மிதிக்க மிதிக்கச் சும்மா சுத்துமே, அப்பிடி. ஆட்டின்ரை பலம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"பிறகு?"

"பிறகு என்ன, 'வெளியிலை என்ரை மனிசன் நிக்கிறார், அவரைக் கேளுங்கோ' எண்டிட்டன்."

"என்னைக் கேக்காமல்!" என்றார் அண்ணை. "ஒரு பெடியன் ஓடி வந்து 'ஐயா, உங்களைக் கூப்பிடினம்' எண்டான். இவ மயங்கி விழுந்திட்டா எண்டு நினைச்சு, நான் ஹெல்மெற்றும் தண்ணிப் போத்திலுமாய் உள்ளுக்குப் பாயிறன். பார்த்தால் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறா. அந்த அம்மா சிரிச்சுக்கொண்டு, 'உங்கடை மனிசியின்ரை பலம் என்ன?' எண்டு கேக்கிறா."

"உவர் என்ன சொன்னவர் எண்டு கேளும், தம்பி. 'சமைக்கத் தெரியாது' எண்டு தொடங்கினார்!"

"பின்னை? இவ்வளவு வருசம் உம்மோடை இருந்து வேறை எப்பிடித் தொடங்கிறது?"

நான் சிரித்தேன். ஆனால் அண்ணை சிரிக்கவில்லை. ஹெல்மெற்றை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்.

"சமைக்கத் தெரியாது, அம்மா. வாய் கூட. ஊருக்கெல்லாம் குறை சொல்லுவா. ஆனால் இவவிட்டைப் படிச்ச பிள்ளையள் வளந்த பிறகும் பிழை விட்டால், தாய் தேப்பனுக்குச் சொல்ல முதல் இவவிட்டைத்தான் வந்து சொல்லுதுகள். சோதினை பெயில் எண்டாலும், சைக்கிளை உடைச்சாலும். ஏனெண்டால் குறையைக் கேட்டு இவ பயப்பிட மாட்டா எண்டு அதுகளுக்குத் தெரியும். அது பலமோ இல்லையோ எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். இப்பிடித்தான் சொன்னனான்."



"உதை உவர் வீட்டிலை ஒரு நாளும் சொன்னதில்லை, தம்பி," என்றார் ரீச்சர். குரல் சின்னதாக இருந்தது.

"நீர் ஒரு நாளும் கேக்கேல்லை," என்றார் அண்ணை.

முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. விண்ணப்பத்தில் கொடுத்தது என் கடையின் மின்னஞ்சல். அதனால் ரீச்சர் ஒவ்வொரு நாளும் வருவார். கேட்கமாட்டார். யானை, பூனை, அன்னாசிப்பழம் என்று தேவையில்லாத படங்களை எல்லாம் கொப்பி எடுப்பார். அந்த மாதம் புத்தூர்ப் பிள்ளைகள் நிறம் தீட்டிய அளவுக்கு வேறெந்த ஊர்ப் பிள்ளைகளும் தீட்டியிருக்கமாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து பார்த்தால் மின்னஞ்சலில் கடிதம் வந்து கிடக்கிறது. வாசித்தேன். இன்னொரு தரம் வாசித்தேன். ஓடிப் போய் முன்பள்ளி வாசலில் நின்று கத்தத்தான் மனம் சொன்னது. ஆனால் அவருக்கு ஒரு செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன். பதினொரு மணி போல சைக்கிள் விழுந்தது.

"தம்பி, ஒரு முயல் படம் வேணும்."

"ரீச்சர், ஒரு குறை இருக்கு," என்றேன்.

அப்படியே நின்றார்.

"சனி ஞாயிறு ரெண்டு நாளும் யாழ்ப்பாணம் போக வேணுமாம். அண்ணையின்ரை பாடு கஷ்டம்."

அவருடைய கண் என் முகத்தில் இருந்தது.

"இன்னொரு குறையும் இருக்கு. முதல் வருசத்திலை கணக்கும் ஒரு பாடமாம்."

ரீச்சர் கதிரையில் இருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெயிலுக்குத் துடைக்கிற மாதிரித்தான் துடைத்தார்.

"கணக்கோ," என்றார். "அறுவார் கணக்கை வைச்சிட்டாங்களோ." வைதுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தேன். சனசமூக நிலையத்துக்கு ஒரு கொப்பி வேண்டும் என்றார். மெசினில் வைத்து எடுத்தேன். எடுத்துப் பார்த்தால், 'தங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது' என்ற வசனத்துக்கு மேலால் அந்தப் பழைய கறுப்புக் கோடு.

"பொறுங்கோ ரீச்சர், கணினியிலை இருந்து வேறை ஒண்டு அடிச்சுத் தாறன்."

கொப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கிடக்கட்டும், தம்பி," என்றார். "நேராய்த்தானே விழுந்திருக்கு."

குடையை என் மேசையில் விட்டுவிட்டுத் தலைவர் வீட்டுப் பக்கம் சைக்கிளை மிதித்தார்.